ஏழாம் நாள் பலம்

முதல் தளத்தின் பக்கம், ஆறாவது வரிசை.
டொலீடோவில் ஏப்ரல் என்றால்
மடியில் கம்பளி போர்த்திக்கொண்டு பார்க்கிற ஆட்டம்.
பையனுக்குப் பத்தொன்பது வயது, நாற்பது நாள்.
நாளையும் எண்ணி வைத்திருப்பவர் வால்ட்,
ஜீப் ஆலையில் முப்பத்தொரு வருடம் கதவு மாட்டியவர்.

"இடுப்பு முந்துது, கை பிந்துது.
ஸ்லைடருக்கு இவனிடம் பதில் கிடையாது.
ஜூன் வரட்டும்,
பந்தெறிகிற அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும்."

ஷெரில் ஒத்துக்கொள்வதாயில்லை.
பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்காரி,
உள்ளே வருகிறவர் வாயைத் திறக்கும் முன்பே
எந்தப் பக்கம் வலி என்று சொல்லிவிடுவாளாம்.
"மணிக்கட்டைப் பாருங்கள். கடைசி நொடிவரை
பந்தைக் காக்கவைக்கிறான்.
இன்னும் இரண்டு வருடம், இவன் ஆட்டத்துக்கு
நம்மால் சீட்டு வாங்க முடியாது."

ஓர்லாண்டோ கடலைத் தோலை ஊதிவிட்டு
"முழங்கால்" என்றான்.
மேலே எதுவும் சொல்லவில்லை.
படியேறும்போது அவன் கம்பியைப் பிடித்துக்கொள்வதை
நாங்கள் பார்க்காததுபோல் இருப்போம்.

பையன் பெயர் தாரியல் மொந்தானோ.
முதுகில் எழுபத்தாறு.
தங்கப்போகிறவர்களுக்கு அந்த எண்ணைத் தருவதில்லை.

என்னிடமும் கேட்டார்கள்.
விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று
எங்களிடம் ஒன்று உண்டு என்றேன்.
வால்ட் யோசித்தார். அவருடைய அப்பா சோளம் போட்டவர்.
"அதில் ஆலங்கட்டி மழையைப் பற்றி ஏதாவது வருமா?"
வராது என்றேன்.

எப்படியும் அது என் பதில் இல்லை.
பகலில் நான் கான்கிரீட் உடைக்கிறேன்.
பாலத்துக்கு ஊற்றும்போதே அதே கலவையில்
ஐந்தாறு உருளை பிடித்து
ஈர அறையில் அடுக்கிவைத்து,
ஏழாம் நாள் ஒன்று, இருபத்தெட்டாம் நாள் இரண்டு,
இயந்திரத்தில் நிறுத்திப் பிளக்கும்வரை அழுத்துவேன்.
ஏழாம் நாளில் மூன்றில் இரண்டு பங்கு பலம்,
மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.
பெரும்பாலும் பொய்க்காது.

ஆனால் சில கலவை முதல் வாரமே முறுக்கிக்கொண்டு நிற்கும்,
அதற்குப் பிறகு இம்மியும் ஏறாது.
சிலது சாம்பல் கூடினது, சோம்பேறி,
ஒப்பந்தக்காரர் போனில் கத்தித் தீர்த்த பிறகு
ஐம்பத்தாறாம் நாள்
என் இயந்திரத்தையே முனகவைக்கும்.
எது எதுவென்று உடைக்காமல் அறிகிற வித்தை
எங்கள் ஆய்வகத்துக்கு இன்னும் வரவில்லை.
உடைத்துப் பார்த்தது பாலத்தில் நிற்பதுமில்லை.

இதைச் சொல்ல வாயெடுத்தேன்.
எட்டாவது இன்னிங்ஸ். எழுபத்தாறு வந்து நின்றான்.
இரண்டு ஸ்டிரைக், இரண்டுமே ஸ்லைடர்,
இரண்டுக்கும் காற்றைத்தான் அடித்தான்.
வால்ட் தன் அட்டையில் பென்சிலை வைத்துவிட்டார்,
எழுதவேண்டியதுதான் பாக்கி.

மூன்றாவதும் அதே பந்து.
மட்டை இரண்டாகப் பிளந்தது,
ஒரு பாதி சுழன்றுகொண்டே பந்தெறிந்தவன் காலடிக்குப் போக,
பந்து யாருக்கும் அவசரமில்லாததுபோல் மேலே எழும்பி
மூன்று பேர் ஓடிவந்த இடத்தில்
மூன்று பேருக்கும் நடுவே விழுந்தது.

"அதிர்ஷ்டம்" என்றார் வால்ட்.
"மணிக்கட்டு" என்றாள் ஷெரில்.
அட்டையில் இரண்டுக்கும் ஒரே கோடுதான்.

முதல் தளத்தில் நின்று
உள்ளங்கையைப் பேண்ட்டில் தேய்த்துக்கொண்டே
எதிரணிக்காரன் சொன்ன எதற்கோ சிரித்தான்.
விளக்கு வெளிச்சம் அவன் வாயில் பட்டுத் தெறித்தது.

"பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறான்!" ஷெரில் எழுந்தே விட்டாள்.
கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.
"மேல்வரிசை. இப்போதுதான் போட்டது.
கழற்ற இன்னும் பதினெட்டு மாதம்."

அதை யாரும் மறுக்கவில்லை.
வால்ட் அட்டையின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.
ஓர்லாண்டோ மட்டும்
அடுத்த தளத்துக்கு ஓட ஓரடி விலகி நிற்கிற
அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.